சம்பந்தியை முந்தலாமா

கர்ட்டன்காரர் ஓட ஆரம்பித்தது ஒரு பஸ்ஸால்தான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலையில், கழுத்தில் அளவு டேப்பும் கையில் துணி மாதிரிகள் அடங்கிய பையுமாக, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்றபோது அவரும் அங்கே இருந்தார். ஏறவில்லை. இன்னொரு நிறுத்தம் ஓடித்தான் பார்ப்போமே என்று தோன்றியது, ஓடினார். அன்றைக்கு ஜன்னல் அளவெடுக்கப் போன வீட்டில், வாசலில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்த வீட்டம்மா முதலில் தண்ணீர் கொடுத்தார். ஜன்னலை அப்புறம்தான் காட்டினார்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது பைத்தியம். கடை திறப்பதற்கு முன்னால் ஏரியைச் சுற்றி ஓடாவிட்டால் அவருக்குக் கத்தரிக்கோல் நேராகப் போகாது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, தலையில் பாதி முடி விடைபெற்றுக்கொண்டது, கால்கள் மட்டும் எந்த வாலிபனிடமோ இரவல் வாங்கியவை மாதிரி இருந்தன. இத்தனைக்கும் அவர் ஓடி வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் மனைவி அடுப்படியில் இருப்பாள். கல்யாணமாகிப் போகும்வரை மகள் போர்வைக்குள் இருந்தாள். ஏரி வாத்துகளைத் தவிர அவர் வேகத்துக்குச் சாட்சி கிடையாது. ஒரே ஒரு தடவை நாலு பேர் பார்க்க முழு மூச்சாக ஓடிவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. இந்த வயதில் அதை வெளியே சொல்ல வெட்கம்.

மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மாப்பிள்ளை தங்கமான பையன். அப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேசாத தங்கம் என்பதுதான் அதில் கொஞ்சம் சிக்கல். அந்த அப்பா, அதாவது நம் கர்ட்டன்காரரின் சம்பந்தி, ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் மேலாளர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் முப்பது வருஷமாக “ஆமாம் சார்” என்பதை மட்டுமே கேட்டுப் பழகிய காது அவருடையது. தொழிற்சாலை ஆண்டு விழாவில் அவர் பேட்மின்டன் ஆட இறங்கினால், எதிரில் நிற்பவன் எப்பேர்ப்பட்ட சூரனாக இருந்தாலும் அவன் அடிக்கிற பந்தெல்லாம் வலையிலேயே போய் விழுந்து படுத்துக்கொள்ளும். கோப்பைகள் அவர் வீட்டுக் கூடத்தில் வரிசையாக இருக்கின்றன. தூசி தட்டுவது சம்பந்தியம்மாவின் வேலை.

கோடை தொடங்கிய வாரம் சம்பந்தி வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேஜையில் தட்டு வருவதற்கு முன்பே ஒரு வண்ணத் தாள் வந்தது. ஊர் ஏரியில் டிரையத்லான். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம், நடுவில் உட்கார நேரமில்லை. ‘ஸ்பிரிண்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சொல்லில் மயங்கிவிடாதீர்கள். இந்த வகைப் போட்டிகளிலேயே சின்னது என்றுதான் அதற்கு அர்த்தம். சின்னது என்றால் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். பெரியது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

“நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன் சம்பந்தி,” என்றார் மேலாளர். “நீங்களும் ஏதோ ஓடுறதா மருமக சொன்னா. நமக்குள்ள ஒரு கை பார்த்துடலாம்.”

‘ஏதோ ஓடுறதா’ என்பது கர்ட்டன்காரருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. “ஏதோ கொஞ்சம்,” என்று விழுங்கிவிட்டார்.

அதே சாப்பாட்டின்போதுதான் மகளும் தன் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவில் வேலை. கைக்குழந்தைகளுக்குக் காது கேட்கும் கருவி பொருத்துவதில் தனிப் பயிற்சி ஒன்று வேறு ஊரில் நடக்கிறது, பத்து மாதம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சொல்லும்போதே அவள் முகம் பளபளவென்றிருந்தது. மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தண்ணீர் குடித்துவிட்டு, “பார்க்கலாம்,” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கர்ட்டன்காரரின் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் திரும்பினாள்.

“என்னங்க, இதைக் கேளுங்க. அந்த ஓட்டப் பந்தயத்துல நீங்க அவருக்கு முன்னாடி போயிடாதீங்க.”

“ஏன்?”

“ஏனா? பொண்ணு படிக்கப் போகணும்னா அவர் வாயால சரின்னு வரணும். மனுஷன் சந்தோஷமா இருக்கும்போது வந்தா வரும். நீங்க நாலு பேர் முன்னாடி அவரை முந்தி, அவர் மூஞ்சி தொங்கிப் போச்சுன்னா, ஜென்மத்துக்கும் வராது.”

“நான் உடம்புக்காக ஓடுறேன்டி. போட்டிக்கா ஓடுறேன்?”

“உடம்புக்குன்னா பின்னாடி ஓடினாலும் அதே உடம்புதானே,” என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன பல விஷயங்களுக்குப் பதில் இல்லை. அந்த வரிசையில் இதுவும் சேர்ந்தது. மகளுக்காக என்று வந்துவிட்டால் அவர் ஏரியையே குடித்துவிடக் கூடியவர். இதுவா பெரிது என்று தலையாட்டிவிட்டார்.

ஆட்டியாயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்ததே. வாராவாரம் ஏரிக்கரையில் சேர்ந்து பயிற்சி என்று சம்பந்தி ஏற்பாடு செய்துவிட்டார். புத்தம் புதிய காலணி, நாடித் துடிப்பைக் காட்டும் கடிகாரம், தொலைவிலிருந்தே கண்ணைக் குத்தும் சிவப்புச் சட்டை என்று வந்து நிற்பார். கர்ட்டன்காரர் பழைய பனியனில் வந்து நிற்பார். ஓட்டம் தொடங்கியதும் இரண்டு முழம் பின்தங்கிக்கொள்வார். வேகமாக ஓடுவது ஒரு கஷ்டம் என்றால், வேகமாக ஓடக்கூடியவன் மெதுவாக ஓடுவது ஒன்பது கஷ்டம்; முட்டி வலிக்கும், முதுகு பிடிக்கும், மனசு அதற்கு மேல் பிடித்துக்கொள்ளும். அதோடு மூச்சு வாங்குவது போல நடிக்கவும் வேண்டியிருந்தது. நடிப்பு அவருக்கு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு மீறி மூச்சு வாங்கிவிட்டார். வழியில் போன யாரோ ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

“உங்களுக்கு மூச்சுப் பயிற்சி பத்தல சம்பந்தி,” என்பார் மேலாளர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. “மூக்கால இழுத்து வாயால விடணும். நாலு எண்ணிக்கிட்டே. தோளை நிமிர்த்துங்க. நான் ஓடுறதை நல்லா கவனிங்க.”

“கவனிக்கிறேன் சம்பந்தி,” என்பார் கர்ட்டன்காரர். கவனிக்கத்தான் செய்தார். இந்தத் தோளை இப்படி விறைத்துக்கொண்டு ஓடினால் மூச்சு எங்கே போகும் என்று அவருக்குக் கை பரபரக்கும். வாயைத் திறக்க மாட்டார்.

ஞாயிறுதான் இந்தக் கூத்து. மற்ற நாட்களில் விடிந்தும் விடியாமல் எழுந்து போய், பிடித்து வைத்ததையெல்லாம் சேர்த்து ஓடித் தீர்ப்பார். நகராட்சி நீச்சல் குளத்தில் போய்த் தண்ணீரோடும் மல்லுக்கட்டினார். அவருக்கு நீச்சல் என்பது மூழ்காமல் இருப்பது, அவ்வளவுதான். அக்கரை வந்துசேர்ந்தால் அது தண்ணீரின் பெருந்தன்மை. சைக்கிள் பழையது. கர்ட்டன் கம்பிகளைக் கட்டிக்கொண்டு போகும் கேரியரை மட்டும் கழற்றினார். “ஐயோ, இது இவ்வளவு லேசா?” என்று அவருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

கோடை முழுக்க இப்படிப் போயிற்று. ‘பார்க்கலாம்’ மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மகள் இரண்டொரு தடவை கேட்டாள். மாமனார் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போட்டி நாள் காலை. ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். சைக்கிள்களை வரிசையாகக் குழாய்களில் மாட்டியிருந்தார்கள். கையில் மையால் எண் எழுதினார்கள். பெயர் கொடுத்தது ஒரே கை என்பதால் சம்பந்திகள் இருவருக்கும் அடுத்தடுத்த எண், அடுத்தடுத்த இடம். சம்பந்தியின் சைக்கிளை ஒரு விரலால் தூக்கிவிடலாம். நம்மவர் சைக்கிளை மாட்டியபோது குழாய் முனகியது.

இரண்டு அம்மாக்களும் முடிவுக் கோட்டுப் பக்கம் நிழலாகப் பார்த்து நாற்காலி போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை பைகளுக்குக் காவல். மகள் ஏரியின் அந்தக் கோடியில், ஓடுபவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் மேஜையில் தன்னார்வலராக நின்றாள். முந்தின நாள் மாலையிலிருந்து அவளோடு பேச அப்பாவுக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. மனைவி மட்டும் கடைசி நிமிஷத்தில் அவர் காதருகே வந்து, “ஞாபகம் இருக்குல்ல?” என்றாள்.

“எதை மறந்தேன் நான்?” என்று சலித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

நீச்சலில் நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சம்பந்தி மீனாகப் போய்விட்டார், அந்த வித்தை அவருக்கு உண்மையாகவே கைவந்தது. கர்ட்டன்காரர் காலும் கையும் நாலு திசைக்கும் போக, மூக்கிலும் வாயிலும் ஏரியைச் சுமந்துகொண்டு, கடைசி ஆட்களில் ஒருவராகக் கரையேறினார். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அது பாராட்டா, பிழைத்து வந்ததற்கா என்று தெரியவில்லை.

சைக்கிளில் ஏறியதும் கால்கள் எஜமானைக் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிட்டன. ஒருவர், இருவர், ஒரு கும்பல் என்று பின்னால் போனது. கடைசிச் சில கிலோமீட்டர் இருக்கும்போது திருப்பத்தில் பார்த்தால், சற்று முன்னால் அந்தச் சிவப்புச் சட்டை. சட்டென்று மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிள் தானாக உருண்டது. அவர் அப்போதுதான் முந்திவந்த ஒரு பருத்த அம்மாள் மறுபடி பக்கத்தில் வந்து அவரைப் பார்த்தார்.

“என்ன ஐயா, செயின் கழண்டுருச்சா?”

“இல்லம்மா. முன்னாடி சம்பந்தி போறார்.”

“நீங்க பொண்ணு குடுத்த வீட்டுச் சம்பந்தியா?”

“ஆமா.”

“அப்ப சரி,” என்று அந்த அம்மாள் விளக்கம் கேட்காமல் போய்விட்டார். உலகம் தெரிந்தவர்.

எவ்வளவு மெதுவாக வந்தும், சைக்கிளை மாட்டும் இடத்துக்கு அவர் வந்தபோது சம்பந்தி இன்னும் கிளம்பவில்லை. தரையில் உட்கார்ந்து புதுக் காலணியின் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார். ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. நம்மவர் என்ன செய்திருக்க வேண்டும்? காலணியை மாட்டிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, நூல் சிக்கெடுத்துப் பழகிய விரலால் சம்பந்தியின் முடிச்சை அவிழ்த்துக் கட்டிக் கொடுத்தார்.

“அடடா, நீங்க எதுக்கு சம்பந்தி?”

“இருக்கட்டும் சம்பந்தி. கட்டியாச்சு. நீங்க கிளம்புங்க.”

“நல்லா இருக்கே. உதவி பண்ணினவர் நிக்க, நான் போறதா? நீங்க முதல்ல போங்க.”

“அது எப்படிங்க? பெரியவர் நீங்க முன்னாடி போங்க.”

“சேர்ந்தே போகலாம் வாங்க.”

“நான் பின்னாடியே வரேன், நீங்க போங்க.”

இந்த உபசாரம் நடந்துகொண்டிருக்கையில் ஏழெட்டுப் பேர் அவர்களைத் தாண்டி ஓடிவிட்டார்கள். விசிலும் தொப்பியுமாக நின்ற நடுவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். “ஐயா, ரெண்டு பேருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். இது கல்யாணப் பந்தி இல்ல, போட்டி. யாராவது ஒருத்தர் ஓடுங்க,” என்றார்.

சம்பந்தி ஓடினார். கர்ட்டன்காரர் பின்னாலேயே இரண்டு முழத்தில் தொடர்ந்தார். ஏரியை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். முதல் சுற்றில் தண்ணீர் மேஜையைக் கடந்தபோது மகள் ஒரு குவளையை நீட்டினாள். அவர் கால்களையே பார்த்தாள். அம்மாக்களைக் கடந்தபோது மனைவி, கோழியை அடக்குகிற மாதிரி, கையைக் கீழ்நோக்கி அமர்த்திக் காட்டினாள். மெதுவா, மெதுவா. மெதுவாகத்தான் ஓடினார். சிவப்புச் சட்டையின் விறைத்த தோள்கள் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தன. கரை நெடுக ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஆசைப்பட்ட நாலு பேர் என்ன, நானூறு பேர் பார்த்தார்கள், நாம் காட்டியது இதைத்தானா என்று அவருக்கு வயிறெரிந்தது.

இரண்டாவது சுற்றில் தண்ணீர் மேஜை வந்தது. சம்பந்தி ஒரு குவளையைப் பிடுங்கிக் குடித்துவிட்டு ஓடினார். கர்ட்டன்காரர் கையை நீட்டினார். மகள் குவளையைத் தரவில்லை. மேஜையைச் சுற்றி வந்து அவரோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள்.

“கால்ல என்னப்பா?”

“ஒண்ணுமில்லம்மா.”

“அப்ப ஏன் இப்படி ஓடுறீங்க?”

அவர் முன்னால் போன சிவப்புச் சட்டையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“கோடை பூரா இப்படித்தானா?”

“உன் படிப்புக்கு அவர் சரின்னு சொல்லணும்லம்மா.”

“நேத்து சாயங்காலமே நான் மாமாகிட்ட சொல்லிட்டேன்ப்பா. போகட்டுமான்னு கேக்கல. போறேன்னு சொன்னேன். பயமா இருந்துச்சு, ஆனா சொல்லிட்டேன்.”

கர்ட்டன்காரர் அவள் பக்கம் திரும்பினார். “அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. எழுந்து உள்ள போயிட்டார். இன்னிக்குக் காலைலயும் பேசல.” அவள் குவளையை அவர் கையில் திணித்தாள். “நான் சொன்னது சொன்னதுதான். ஆனா நீங்க இப்ப அவர் பின்னாடியே போய் முடிச்சீங்கன்னா, எங்க வீட்டு ஆளுங்க அப்படித்தான்னு ஆயிடும். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் நான் அந்த வீட்டுல பின்னாடியே நடக்கணும். எனக்காகன்னு இதைச் செய்யாதீங்கப்பா. ஜெயிக்கச் சொல்லல. ஓடுங்க, போதும்.”

சொல்லிவிட்டு அவள் நின்றுவிட்டாள்.

அவருக்குப் பயம்தான், அதை மறைப்பானேன். அந்த மனிதர் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார். எரிகிற தீயில் எண்ணெயை ஊற்றுவதா? நாளைக்கு அந்த வீட்டுப் படியேறும்போது என்ன முகத்தோடு ஏறுவது? ஆனால் தன் மகள் அந்த வீட்டுக்குள்ளேயே நின்று, பயத்தோடேயே சொல்லியிருக்கிறாள். திறந்த வெளியில், காலும் காற்றும் கைவசம் இருக்க, அப்பன்காரன் பதுங்கிப் பதுங்கி ஓடிக்கொண்டிருக்கிறான். கெட்டால் கெட்டுப் போகட்டும் என்று தோளைத் தளர்த்தினார்.

அப்புறம் கால்கள் பார்த்துக்கொண்டன. கோடை முழுக்க ஞாயிறு தோறும் கட்டிப் போட்டிருந்த கால்கள் அவை. பேசிக்கொண்டு நடந்ததில் நீண்டுவிட்ட இடைவெளி அடுத்த திருப்பத்துக்குள் காணாமல் போயிற்று. பக்கத்தில் போனதும், ஒன்றும் பேசாமல் தாண்டுவது மரியாதையாகப் படவில்லை. “போயிட்டு வரேன் சம்பந்தி,” என்றார்.

சம்பந்தி திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் வந்ததை ஆச்சரியம் என்று சொன்னால் போதாது. உடனே அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டினார். பின்னால் தபதபவென்று அந்தப் புதுக் காலணிச் சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்டது. பிறகு தேய்ந்தது. பிறகு கேட்கவில்லை.

முடிவுக் கோட்டுக்கு முன்னால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்ற மனைவியைப் பார்த்தார். வழக்கம்போல அமர்த்துவதற்காகத் தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா கைதட்டிக்கொண்டிருந்தார். செயினைப் பற்றிக் கேட்ட அந்தச் சைக்கிள் அம்மாளைக் கர்ட்டன்காரர் கோட்டுக்கு இரண்டடி முன்னால் பிடித்தார். அதில் அவருக்கு அல்ப சந்தோஷம் இல்லாமல் இல்லை.

“இவ்வளவு வேகமா ஓடுவீங்கன்னு என்கிட்ட யார் சொன்னா?” என்றாள் மனைவி, முதல் வார்த்தையாக. இரண்டாவது வார்த்தைக்குள் நிலைமை நினைவுக்கு வந்துவிட்டது. “ஐயோ, இப்படிப் பண்ணிட்டீங்களே. வராருங்க.”

சம்பந்தி வந்தார். கோட்டைத் தாண்டி, கழுத்தில் போட வந்த பதக்கத்தைக் கையால் தள்ளிவிட்டு, நேரே கர்ட்டன்காரர் முன்னால் வந்து நின்றார். முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கினார். இது நடிப்பில்லாத மூச்சு. அதற்குள் மகளும் மேஜையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். மாப்பிள்ளை ஒரு பையை எடுத்து இன்னொரு பைமேல் வைத்தான்.

“இந்தக் காலை வச்சுக்கிட்டா,” என்றார் சம்பந்தி, “எனக்குப் பின்னாடி ஓடிக்கிட்டிருந்தீங்க?”

“அது வந்து...”

“நான் உங்களுக்கு மூச்சு விடச் சொல்லிக் குடுத்தேன். கையைக் கட்டிக்கிட்டு கேட்டீங்க.”

“தப்புதான் சம்பந்தி. பொண்ணு படிப்புக்கு நீங்க சரின்னு சொல்லணும். நீங்க சந்தோஷமா இருந்தா சொல்லுவீங்கன்னு...”

“அப்ப நான் தோத்துட்டா, அந்தக் கோபத்துல ஒரு பொண்ணோட படிப்பை நிறுத்துவேன்னு நினைச்சீங்க. அவ்வளவு சின்ன மனுஷனா நான்?”

மரியாதை மரியாதை என்று கோடை முழுக்கச் செய்தது இந்த மனிதருக்கு எப்பேர்ப்பட்ட அவமரியாதை என்பது கர்ட்டன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னால் விட்டுப் பின்னால் ஓடினோமே, ஒரு நாளாவது இவரை ஓர் ஆளாக நினைத்தோமா என்று வெட்கமாக இருந்தது.

“நான் சொன்னதுதான் சம்பந்தி அண்ணா. இவர் மேல தப்பில்ல,” என்றாள் மனைவி, மெல்லிய குரலில்.

“ஃபேக்டரில என்கிட்ட வேலை பார்க்கிறவன் தோத்துக் குடுக்கிறான். எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? பந்து வலைல விழற சத்தத்துலயே தெரியும். சரி, அவனுக்குப் பிழைப்பு. உங்களுக்கு என்ன வந்துச்சு? வெளியாள் ஒருத்தரோட, நேருக்கு நேரா ஒரு தடவை ஓடிப் பார்ப்போமேன்னுதான் உங்க பேரைக் குடுத்தேன்.” சொல்லிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். “உன் மேல நேத்து எனக்குக் கோபம்தான். பொய் சொல்ல மாட்டேன். தூக்கம் வரல. ஆனா இப்ப யோசிச்சா, உங்க வீட்டுல என்கிட்ட நேரா வந்தவ நீ ஒருத்திதான். போயிட்டு வா. நல்லாப் படிச்சுட்டு வா.”

“போறேன்னு நேத்தே சொல்லிட்டேனே மாமா,” என்றாள் அவள். சொல்லிக்கொண்டே அழுதாள்.

“தெரியும். மாமனார்னு ஒருத்தன் இருக்கேன், நானும் ஒரு தடவை சொல்லிக்கிறேன்.”

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சம்பந்தியம்மா நாற்காலியை இழுத்துப் போட, சம்பந்தி உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

“ஒண்ணு கேக்கறேன் சம்பந்தி. இனிமேயாவது உள்ளதைச் சொல்லுங்க. நான் எப்படி?”

கர்ட்டன்காரர் மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் கண் கெஞ்சியது. மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள். சம்பந்தி இப்போது நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல இருந்தது அந்த முகம். அதனிடம் பொய் சொல்லக் கர்ட்டன்காரருக்கு மனம் வரவில்லை.

“நீச்சல்ல உங்களை இந்த ஜென்மத்துல என்னால பிடிக்க முடியாது,” என்றார். “சைக்கிள் சுமார்.”

“ஓட்டம்?”

“அதை ஓட்டம்னு சொல்ல முடியாது சம்பந்தி. கோபமா நடக்கிறீங்க.”

மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சம்பந்தியம்மாவுக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தமாகவே வந்துவிட்டது சிரிப்பு. மாப்பிள்ளை பைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

சம்பந்தி சிரிக்கவில்லை. தன் மனைவியைப் பார்த்து, “சிரிக்கிற இல்ல? உனக்குத் தெரியுமா இது?” என்றார்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து தெரியும்.”

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு காலை நீட்டினார். “இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒருத்தர் எனக்குப் பதில் சொல்லியிருக்கார்,” என்றார். பக்கத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியைத் தட்டினார். “உட்காருங்க சம்பந்தி. தோளை எப்படி வச்சுக்கணும்னு முதல்ல சொல்லுங்க.”

கர்ட்டன்காரர் அவர் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார்.